கணக்கில் 303½ பீப்பாய், கிடங்கில் 36: 1775-ல் அமெரிக்கப் படையின் பீரங்கியும் வெடிமருந்தும்

சுவடிக்காரன் (இழை தொடக்கம்)

அமெரிக்க விடுதலைப் போரில் நியூயார்க் மாகாணத்து டைகொண்டரோகா கோட்டையிலிருந்து பனியில் பீரங்கி இழுத்து வந்த கதை இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்த ஹென்றி நாக்ஸ் என்ற 25 வயது இளைஞர், 1775 டிசம்பரில் கிளம்பி, ஏரியும் ஆறும் மலையும் தாண்டி, பாஸ்டனில் இருந்த ஆங்கிலேயரைச் சுற்றி வளைத்திருந்த வாஷிங்டன் படைக்குச் சுமார் 60 டன் பீரங்கிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். 1776 மார்ச் 4 இரவு பாஸ்டனை மேலிருந்து பார்க்கும் டார்செஸ்டர் குன்றுகளில் அந்தப் படை ஏறியது, மார்ச் 17 அன்று ஆங்கிலேயர் பாஸ்டனைக் காலி செய்தார்கள். இதைச் சொல்கிறவர்கள் பனி, மாடு, துணிச்சல் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த வருடம் அந்தப் படை பிழைத்ததும், அதற்கு முன்பு கிட்டத்தட்ட அழியப் பார்த்ததும் கணக்கால்தான் என்று நினைக்கிறேன். அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் ஆகஸ்ட் மாதத்தைப் பாருங்கள். வாஷிங்டன் 1775 ஜூலை 3 அன்று கேம்பிரிட்ஜில் பொறுப்பேற்கிறார். வந்ததும் வெடிமருந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார். மாசசூசெட்ஸ் கமிட்டி கொடுத்த கணக்கு 303½ பீப்பாய். அந்தக் காலத்துப் பீப்பாய் 100 பவுண்டு, ஆக பரவாயில்லாத இருப்பு. இந்த நம்பிக்கையில் ஒரு மாதம் பாஸ்டனைச் சுற்றி முற்றுகை நடக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிதாகத் தோட்டா கட்ட மருந்து கேட்டபோதுதான் உண்மை தெரிகிறது: மாசசூசெட்ஸ் கிடங்கில் இருப்பது 36 பீப்பாய். ரோட் ஐலண்ட், நியூ ஹாம்ப்ஷயர், கனெக்டிகட் இருப்பையும் சேர்த்தால் 9,937 பவுண்டு. ஆளுக்கு 9 முறை சுடும் அளவுக்கு மேல் இல்லை.

கூட இருந்த தளபதி சல்லிவன் எழுதியிருக்கிறார், இதைக் கேட்ட வாஷிங்டன் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று. எதிரே நிற்பது உலகத்திலேயே நல்ல பயிற்சி பெற்ற படைகளில் ஒன்று. இவர்களிடம் மருந்து இல்லை என்ற செய்தி கசிந்திருந்தால் அந்த வாரமே எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த 303½ எங்கிருந்து வந்தது தெரியுமா? யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. கையில் இருப்பதைக் கேட்டார்கள், கமிட்டியோ ஆரம்பத்திலிருந்து சேர்த்த மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டது. நடுவில், ஜூனில், பாஸ்டன் பக்கத்தில் பங்கர் ஹில் சண்டை நடந்து முடிந்திருக்கிறது. சுட்டுத் தீர்ந்த மருந்தும் அந்த மொத்தத்திற்குள் உட்கார்ந்திருந்தது.

---

பண்டகசாலை

நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் இருப்புக் கணக்கு பார்த்தவன், இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. இருப்பு ஏட்டில் ஆரம்ப இருப்பு, வரவு, மொத்தம், செலவு, இறுதி இருப்பு என்று ஐந்து கட்டம் இருக்கும். வேலை தெரியாதவரிடம் "இருப்பு என்ன" என்று கேட்டால் மொத்தக் கட்டத்தில் விரலை வைப்பார். எண் சரியாகத்தான் இருக்கும், கட்டம்தான் தப்பு. அதனால்தான் இருப்புச் சரிபார்ப்பு என்றால் ஏட்டை மூடி வைத்துவிட்டு முதலில் மூட்டையை எண்ண வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித்தருவார்கள். அங்கே யாராவது ஜூலை மாதமே கிடங்குக்குள் போய் பீப்பாயை எண்ணியிருந்தால் போதும்.

சுவடிக்காரன் ஐயா, அதற்கப்புறம் முறையை மாற்றினார்களா?

---

சுவடிக்காரன்

மாற்றம் நாக்ஸுக்குக் கொடுத்த உத்தரவிலேயே தெரிகிறது, பண்டகசாலை அண்ணே. நவம்பர் 16 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் வாஷிங்டன் அவரை நேராக டைகொண்டரோகாவுக்குப் போகச் சொல்லவில்லை. முதலில் இங்குள்ள பீரங்கிப் படையின் நிலையைச் சோதித்து, பீரங்கி, மோர்ட்டார் (குண்டை உயரத் தூக்கி எறியும் குட்டைக் குழாய்), வெடிகுண்டு, ஈயம், மருந்து இவற்றில் எது எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடு, அதை முடித்துவிட்டு நியூயார்க்குக்குப் போ, அங்கே கிடைப்பதை வாங்கு, மீதியை டைகொண்டரோகா, கிரௌன் பாயிண்ட் கோட்டைகளிலிருந்து எடு என்கிறார். வழிச்செலவுக்கு 1000 டாலர். திரும்பி வந்ததும் அதற்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எவ்வளவு வேண்டும் என்று கேட்க முடியும், ஆகஸ்ட் அடி அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

---

வடகரை

நல்ல இழை, ஆனால் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று படுகிறது. பட்டியல் எழுதினால் பீரங்கி நகராது. ஜார்ஜ் ஏரியில் எதிர்க்காற்றில் படகு தள்ளியவர்கள், பாதி உறைந்த ஆற்றில் வண்டி ஓட்டியவர்கள் இல்லாமல் நாக்ஸின் காகிதம் வெறும் காகிதம். கோட்டையைப் பிடித்ததும் கணக்குப்பிள்ளைகள் இல்லை. மே 10 விடியற்காலையில் அமெரிக்கர்களான ஈதன் ஆலனும் பெனடிக்ட் ஆர்னால்டும் ஆங்கிலேயரின் அந்தக் கோட்டைக்குள் நுழைந்ததால்தான் எடுத்துவர அங்கே ஏதாவது இருந்தது.

---

சுவடிக்காரன்

வண்டிக்காரர்களின் உழைப்பை நான் குறைக்கவே இல்லை வடகரை, அந்தக் குளிரை நினைத்தாலே நடுங்குகிறது. ஆனால் நீங்கள் ஆர்னால்டைச் சொன்னதால் ஒன்று சொல்கிறேன், அவர் கதையும் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறது. ஏப்ரல் 30 அன்று மாசசூசெட்ஸ் கமிட்டிக்கு எழுதுகிறார்: டைகொண்டரோகாவில் 80 கனத்த பீரங்கி, 20 பித்தளைப் பீரங்கி, பத்துப் பன்னிரண்டு மோர்ட்டார் இருக்கின்றன, கோட்டை இடிந்து கிடக்கிறது, 50 பேருக்கு மேல் காவல் இல்லை. அந்தக் கடிதத்தை நம்பித்தான் கமிட்டி அவருக்கு 100 பவுண்டு பணம், 200 பவுண்டு எடை மருந்து, அதே எடைக்கு ஈயக் குண்டு, 1000 சக்கிமுக்கிக் கல், 10 குதிரை கொடுத்து அனுப்புகிறது. இவ்வளவுதான் முதலீடு.

கோட்டை கைக்கு வந்த பிறகும் ஆலனும் ஆர்னால்டும் யார் தலைவர் என்று சண்டை போட்டார்கள், அது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சண்டைக்கு நடுவிலும் ஆர்னால்ட் இரண்டு கோட்டைகளிலும் கிடந்ததை எண்ணி, எது உதவும் எது உதவாது என்று பிரித்து எழுதி அனுப்பினார். மொத்தம் சுமார் 200. அதில் பெரும் பங்கு துருப்பிடித்தது, வெடித்தது. பழைய பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் காலம் வரை அங்கே சேர்ந்ததெல்லாம் அப்படியே கிடந்தது. நாக்ஸ் டிசம்பரில் போனபோது வெறுங்கையோடு போகவில்லை, எங்கே என்ன இருக்கிறது என்பது ஏழு மாதமாக எழுத்தில் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் வருத்தம். ஜூன் மாதம் மாசசூசெட்ஸிலிருந்து ஒரு விசாரணைக் குழு வந்து, எப்படி நடந்துகொண்டாய், பொருளையும் பணத்தையும் என்ன செய்தாய் என்று கேட்டது. மனிதர் கோபத்தில் பதவியை விட்டுவிட்டார். சொந்தப் பணம் போட்டதைத் திரும்ப வாங்க அப்புறமும் இழுபறி. அவர் பின்னாளில் ஆங்கிலேயர் பக்கம் போய்ச் செய்த துரோகத்துக்கு இதைச் சாக்காகச் சொல்லமாட்டேன். ஆனால் ரசீது இல்லாத செலவு ஒரு மனிதரையும் ஒரு அரசையும் எப்படி எதிரெதிரே நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

---

தேன்சிட்டு

நாக்ஸ் எடுத்து வந்ததில் என்னென்ன இருந்தது? "59 பீரங்கி" என்று மட்டும்தான் எல்லா இடத்திலும் போடுகிறார்கள். இத்தனை பவுண்டர் என்பது பீரங்கியின் எடையா?

---

சுவடிக்காரன்

பவுண்டர் என்பது பீரங்கியின் எடை இல்லை தங்கச்சி, அது சுடும் குண்டின் எடை. 18 பவுண்டர் என்றால் 18 பவுண்டு இரும்புக் குண்டு போடும் குழாய். அப்படிப்பட்ட பெரிய குழாய்கள் 5000 பவுண்டு வரை கனக்கும். மோர்ட்டாரை மட்டும் வாய் அகலத்தால் சொல்வார்கள், 13 அங்குலம், 10 அங்குலம் என்று.

நாக்ஸின் பட்டியல் டிசம்பர் 10 தேதியிட்டது. 43 பீரங்கி, சின்னதும் பெரியதுமாக 14 மோர்ட்டார், 2 ஹோவிட்சர் (பீரங்கிக்கும் மோர்ட்டாருக்கும் இடைப்பட்ட ரகம்). கூடவே ஒரு பீப்பாய் சக்கிமுக்கிக் கல்லும் 2300 பவுண்டு ஈயமும். பித்தளை தனி, இரும்பு தனி, ஒவ்வொன்றுக்கும் வாய் அளவு, எடை. இந்த எடைக் கட்டம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் வண்டி அதை வைத்துத்தான் செய்யப்பட்டது. டிசம்பர் 17 அன்று ஜார்ஜ் கோட்டையிலிருந்து வாஷிங்டனுக்கு எழுதும்போது 42 பலமான சறுக்கு வண்டி செய்யச் சொல்லியாயிற்று, மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு வரை இழுக்க 80 ஜோடி எருது ஏற்பாடு என்கிறார். 60 டன்னை 42-ஆல் வகுத்துப் பாருங்கள், வண்டிக்கு ஒன்றரை டன் கொஞ்சம் குறைய. மனிதர் கையில் எடைப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் மாடு பேசியிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள், அந்தப் பட்டியலில் வெடிமருந்து கிடையாது.

---

பண்டகசாலை

குண்டு அளவு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிடங்கில் 12 பவுண்டு குண்டு மலையாகக் குவிந்திருந்தாலும் கையில் இருப்பது 18 பவுண்டர் என்றால் பிரயோஜனம் இல்லை. 9 பவுண்டரில் 12 பவுண்டு குண்டு நுழையவே நுழையாது. குண்டு துருவேறிப் பருத்தாலும் சிக்கும், துருவைச் சுரண்டிச் சுரண்டி ரொம்பச் சிறுத்துவிட்டால் மருந்தின் விசை பக்கவாட்டில் கசிந்துவிடும். ஆகவே "குண்டு 5000" என்ற ஒற்றை வரி கணக்கே இல்லை. அளவு வாரியாக எழுதினால்தான் கணக்கு.

---

பவானிக்கரை

பணக் கணக்கு எப்படி? அந்த 1000 டாலர் போதுமானதாக இருந்ததா?

---

சுவடிக்காரன்

போதவில்லை. நாக்ஸ் கொடுத்த செலவுக் கணக்கு 520 பவுண்டு 15 ஷில்லிங் 8¾ பென்ஸ் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). முக்கால் பென்னி வரை எழுதியிருக்கிறார் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வருகிறது. தன் செலவு, கூட வந்த தம்பி வில்லியம் செலவு, வேலையாள் செலவு எல்லாம் அதில் அடக்கம். மாசசூசெட்ஸில் ஒரு டாலருக்கு 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8 ஷில்லிங். 1000 டாலர் ஒரு ஊரில் 300 பவுண்டு, இன்னொரு ஊரில் 400. எப்படிப் போட்டாலும் 520 வராது. ஒரே பயணத்தில் இரண்டு மாகாண நாணயத்தில் வாடகை பேசிச் செலவழித்துவிட்டு வந்து ஒரே கணக்காகக் கொடுப்பது லேசான வேலை இல்லை.

மாட்டு வாடகைப் பேரம் அவர் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. ஸ்டில்வாட்டர் ஊர்க்காரர் ஜார்ஜ் பால்மரோடு நாக்ஸ் முதலில் பேசி வைத்திருந்தார். டிசம்பர் 28 அன்று அல்பனியில் அமெரிக்கத் தளபதி ஸ்கைலர் முன்னால் விலை பேசுகிறார்கள். இரண்டு ஜோடி எருதுக்கு ஒரு நாளைக்கு பால்மர் கேட்டது 24 ஷில்லிங், ஸ்கைலர் தருவேன் என்றது 18 ஷில்லிங் 9 பென்ஸ். பேச்சு அங்கேயே முறிந்தது, பால்மரை அனுப்பிவிட்டார்கள்.

---

வடகரை

இதைத்தான் நான் சொல்கிறேன்! பாஸ்டனுக்கு வெளியே படை மருந்தில்லாமல் உட்கார்ந்திருக்கிறது, இங்கே 5 ஷில்லிங்குக்குப் பேரம். என்ன செலவானாலும் பரவாயில்லை, கொண்டு வா என்றுதானே வாஷிங்டன் எழுதியிருந்தார்? கணக்கு பார்த்துக் காலத்தைக் கடத்துவதும் ஒரு குற்றம்தான்.

---

பவானிக்கரை

இல்லை வடகரை, பெருக்கிப் பாருங்கள். வித்தியாசம் 5 ஷில்லிங் 3 பென்ஸ். 80 ஜோடி என்றால் அப்படி 40 செட். ஒரு நாளைக்கு 10 பவுண்டு 10 ஷில்லிங் கூடுதல். மூன்று வாரம் இழுத்தால் 220 பவுண்டு, நாக்ஸின் மொத்தக் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். ஸ்கைலர் கேட்டது நியாயம்.

---

சுவடிக்காரன்

பவானிக்கரை போட்ட கணக்கு சரி. இன்னொன்றும் சேர்க்கிறேன், ஸ்கைலர் பேரத்தை முறித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சுற்று வட்டார விவசாயிகளுக்கு ஆள் அனுப்பி, டிசம்பர் 31-க்குள் ஏறக்குறைய 124 ஜோடிக் குதிரைகள் சறுக்கு வண்டியோடு ஏரிக்குக் கிளம்பிவிட்டன. கூலி ஒரு ஜோடிக்கு நாளுக்கு 12 ஷில்லிங், அல்லது 62 மைலுக்கு டன்னுக்கு 7 பவுண்டு. யார் யார் போனார்கள் என்று வண்டி மேற்பார்வையாளர் பெயர்ப் பட்டியல் கொண்டுவந்து கொடுத்ததாக நாக்ஸ் குறித்திருக்கிறார். டன்னுக்கு 7 என்றால் 60 டன்னுக்கு 420 பவுண்டு, அல்பனி வரைக்கும் மட்டும். அதற்கு அப்பால் மாசசூசெட்ஸ் மலைப்பாதை இருக்கிறது. ஆகவே எல்லாக் கூலியும் நாக்ஸின் 520-க்குள் அடங்கியிருக்காது, ஒரு பங்கு ஸ்கைலர் கணக்கில் போயிருக்கும் என்பது என் ஊகம்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் பேரம் இல்லை, பனி. சறுக்கு வண்டிக்குத் தரையில் பனி வேண்டும், ஆற்றைக் கடக்கக் கெட்டியான பனிக்கட்டி வேண்டும். 16, 17 நாளில் வந்துவிடுவேன் என்று டிசம்பர் 17 அன்று எழுதியவர் வந்து சேர ஜனவரி கடைசி ஆகிவிட்டது. அல்பனியில் ஒரு பெரிய பீரங்கி பனிக்கட்டி உடைந்து ஹட்சன் ஆற்றுக்குள் போய்விட்டது. அதை விட்டுவிட்டுப் போகவில்லை. ஊர் ஜனங்கள் வந்து இழுத்துக் கரையேற்றினார்கள், நன்றிக்கு அந்தப் பீரங்கிக்கே "அல்பனி" என்று பெயர் வைத்தார் நாக்ஸ்.

---

தேன்சிட்டு

ஒரு சந்தேகம். சில இடத்தில் 59, சில இடத்தில் 58, ஒரு இடத்தில் 55 என்று போட்டிருக்கிறார்கள். ஏன் இப்படி?

---

சுவடிக்காரன்

இந்தக் கேள்விக்காகவே இழை ஆரம்பித்தது வீண் போகவில்லை என்று தோன்றுகிறது. மூன்றும் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவை.

59 என்பது கிளம்பும்போது போட்ட டிசம்பர் 10 பட்டியல். 58 என்பது அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ஆடம்ஸ் கணக்கு. அவர் 1776 ஜனவரி 25 அன்று பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஃபிரேமிங்ஹாம் வழியாகப் போகிறார், சாப்பிட்ட பிறகு அங்கே நிறுத்தி வைத்திருந்த பீரங்கி வரிசையைக் காட்டுகிறார்கள். நாட்குறிப்பில் வகை வாரியாக எழுதி வைத்துவிட்டார்: இரும்பில் 18 பவுண்டர் 9, 12 பவுண்டர் 10, 6 பவுண்டர் 6, 9 பவுண்டர் 4, பித்தளையில் 3 பவுண்டர் 8, 4 பவுண்டர் 1, 6 பவுண்டர் 2, அப்புறம் 18-ம் 24-ம் ஒவ்வொன்று. கூட்டினால் 42. மோர்ட்டார் 14, ஹோவிட்சர் 2. மொத்தம் 58.

ஆறு வாரம், ஒரு பெரிய ஏரி, ஹட்சனையும் மோஹாக்கையும் பனிமேல் கடந்தது, ஒரு மலைத்தொடர். இத்தனைக்கும் பிறகு, இந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் வழியில் நின்று எண்ணியதற்கும் கிளம்பிய பட்டியலுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பீரங்கி. மோர்ட்டாரும் ஹோவிட்சரும் அப்படியே பொருந்துகின்றன. ஆகஸ்டில் 303½-க்கும் 36-க்கும் இருந்த வித்தியாசத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

55 என்பது செலவுக் கணக்கின் தலைப்பில் வருவது. "55 இரும்பு, பித்தளைப் பீரங்கிகள், ஒரு பீப்பாய் கல், 23 பெட்டி ஈயம்" என்ற மாதிரி.

---

பண்டகசாலை

55-ஐ வைத்து நாலு பீரங்கி தொலைந்தது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அது பணம் வாங்க எழுதிய பில்லின் தலைப்பு, சரக்குப் பட்டியல் இல்லை. வேலையில் இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாயிற்று, பில்லில் ஒரு எண், ஒப்புகைச் சீட்டில் ஒரு எண். சண்டை வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டியது ஒவ்வொன்றாக வகை பிரித்து எழுதியதைத்தான். அந்த வகையில் ஆடம்ஸ் எழுதியதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அவருக்கு அதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

---

உப்பாறு

இழையில் மருந்து பக்கம் இன்னும் வரவில்லையே. ஏன் அவ்வளவு பஞ்சம்? 1774 அக்டோபரிலேயே அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆயுதமும் மருந்தும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று இங்கிலாந்து தடை போட்டுவிட்டது. மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, அப்போது உலகத்திலேயே நல்ல வெடியுப்பு பீகாரிலிருந்து வந்தது, 1757-க்குப் பிறகு அது கிழக்கிந்தியக் கம்பெனி பிடியில். ஆக ஆங்கிலேயருக்கு மருந்து கப்பல் கப்பலாக, இவர்களுக்குக் கடத்தல் சரக்கு மட்டும். 1775 ஆகஸ்டில் பெர்முடா தீவின் மருந்துக் கிடங்கிலிருந்தே இரவோடு இரவாகப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

நவம்பர் கடைசியில் அமெரிக்கக் கேப்டன் மேன்லி பிடித்த "நான்சி" என்ற ஆங்கிலேயர் சரக்குக் கப்பல் பெரிய அதிர்ஷ்டம்: 2000 துப்பாக்கி, ஒரு லட்சம் சக்கிமுக்கிக் கல், 13 அங்குலப் பித்தளை மோர்ட்டார் ஒன்று. ஆனால் அதிலும் மருந்து இல்லை.

மருந்தை வைத்திருப்பதும் தனி வேலை. ஈரம் பட்டால் கட்டி தட்டும். பீப்பாயை அவ்வப்போது உருட்டிப் புரட்ட வேண்டும். கிடங்குக்குள் இரும்பு ஆணிச் செருப்போடு போகக் கூடாது, பொறி பறக்கும். ஆகவே 36 பீப்பாய் இருக்கிறது என்று எண்ணினால் மட்டும் போதாது, அதில் எத்தனை நல்ல மருந்து என்றும் பார்த்தாக வேண்டும்.

---

வடகரை

சரி, கணக்கின் அருமையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1777 ஜூலையில் அதே டைகொண்டரோகா என்ன ஆயிற்று? ஆங்கிலேயத் தளபதி பர்கோயினின் படை பக்கத்து மலை உச்சியில் பீரங்கி ஏற்றியதும், ஜூலை 5 இரவு கோட்டையின் அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேர் அதைக் காலி செய்தார். கிடங்கு நிறைய இருந்த சரக்கெல்லாம் எதிரிக்கு. ஏடு சுத்தமாக இருந்தும் என்ன பயன்?

---

சுவடிக்காரன்

அங்கே குறை ஏட்டில் இல்லை, ஆளில் இருந்தது. அத்தனை நீள அரணைக் காக்கப் போதுமான வீரர்கள் இல்லை. செயின்ட் கிளேர் கோட்டையை விட்டார், படையைக் காப்பாற்றினார். 1778-ல் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆனால் ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? பர்கோயின் வெள்ளிக் குண்டுகளைக் கோட்டைக்குள் சுட்டார், ஸ்கைலரும் செயின்ட் கிளேரும் அதைப் பொறுக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று. மாட்டு வாடகையில் 5 ஷில்லிங் மிச்சம் பிடித்த மனிதரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

---

தேன்சிட்டு

கடைசியாக ஒன்று. பீரங்கி வந்து சேர்ந்த பிறகு மருந்து போதுமா என்று யாராவது கணக்குப் போட்டார்களா? நான்சி கப்பலில் கிடைத்த அந்த 13 அங்குல மோர்ட்டார் என்ன ஆயிற்று?

---

உப்பாறு

தோராயமாக நாமே போடலாம். பெரிய பீரங்கிக்கு ஒரு முறை சுட, குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மருந்து என்று வைத்துக்கொண்டால் 18 பவுண்டருக்கு 6 பவுண்டு. ஒரு பீப்பாயில் 16 முறைதான் சுடலாம். ஆகஸ்டில் இருந்த அந்த 36 பீப்பாயை முழுக்கக் கொட்டினாலும் 600 முறை தேறாது. ஆடம்ஸ் பார்த்த ஒன்பது 18 பவுண்டருக்கும் பிரித்தால் தலைக்கு 64, துப்பாக்கிக்கு ஒரு சிட்டிகையும் மிஞ்சாது. அதனால்தான் ஜனவரி கடைசியில் பீரங்கி வந்தும் மார்ச் வரை குன்றின் மேல் ஏறவில்லை, மருந்து சேரும் வரை காத்திருந்தார்கள்.

அந்த மோர்ட்டாருக்கு ரம் பாட்டில் உடைத்து "காங்கிரஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். மார்ச் முதல் வாரக் குண்டுவீச்சில் அது வெடித்துப் போனது, கூட இன்னும் சில மோர்ட்டாரும். பீரங்கி வேலையைப் புத்தகத்தில் படித்தவர்களும் கையில் சுட்டுப் பழகாதவர்களும்தான் அங்கே அதிகம், மோர்ட்டாரைச் சரியாகப் பதித்து உட்காரவைக்கத் தெரியவில்லை. அடுத்த இருப்புப் பட்டியலில் அவையெல்லாம் கழிவுக் கட்டத்துக்குப் போயிருக்கும்.